அடக்கிப் பழகிய உடம்பு

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு பெண் நம்பி நுழையக்கூடிய கழிப்பறைகள் எவையெவை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பசுபதிகோயிலைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். அய்யம்பேட்டையில் என்னோடு பி.எட். படித்தவளின் மாமியார் வீடு. பாபநாசத்தில் வாட்ச்மேனுக்கு என் முகம் தெரிந்த ஒரு கல்யாண மண்டபம். சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் பல வருஷம் எனக்கு ஊர்களே கண்ணில் பட்டதில்லை. இறங்கக்கூடிய இடம், இறங்க முடியாத இடம் என்ற இரண்டே வகைதான். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடிப்பேன். அவசரமென்றால் நிறுத்தச் சொல்லலாமே என்ற கணக்கு. ஒரு நாளும் சொன்னதில்லை. எந்தப் பெண் சொல்வாள்?

பாபநாசம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்தேன். எனக்கு 38 வயது நடந்தபோது, ஒரு பங்குனி வெயிலில் அந்த எரிச்சல் தொடங்கியது. அடிவயிற்றில் ஒரு பாரம். நீர் பிரியும்போது கடுப்பு. போய்விட்டு வந்து உட்கார்ந்தால், போகவே இல்லை என்பது போல மறுபடி ஓர் உந்துதல். எங்கள் பக்கத்தில் நீர்க்கடுப்பு என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். வைத்தியமெல்லாம் அடுக்களையிலேயே இருக்கிறது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் கால் கட்டைவிரலில் தடவுவது. “சூடு பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல” என்றார் மாமியார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சொன்னதையெல்லாம் செய்தேன். உடம்பு குளிர்ந்து சளி பிடித்ததுதான் மிச்சம். கடுப்பு அப்படியே இருந்தது.

அடுத்தது மாத்திரை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு திரும்ப வரும். மருந்தை மாற்றுவார்கள், அதுவும் வேலை செய்யாது. யூரின் கல்ச்சர் எடுத்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ஒரே வரி: ‘நோ குரோத்’. கிருமி எதுவும் வளரவில்லை. கிருமி இல்லாத இடத்தில் கிருமிக்கான மருந்துக்கு என்ன வேலை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். நானும் கேட்டேன். “ரொம்ப யோசிக்காதீங்க டீச்சர். டென்ஷன்தான் காரணம். யோகா, தியானம்னு ஏதாவது பண்ணுங்க, சரியாயிடும்” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பின்னாளில் என்னை நடமாட வைத்ததில் யோகாவுக்கும் தியானத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “உனக்கு ஒன்றுமில்லை, தியானம் செய்” என்பது நோயாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற வார்த்தை. “உனக்கு இன்ன இடத்தில் இன்னது நடக்கிறது, அதற்கு இந்தப் பயிற்சி இப்படி உதவும்” என்பது சிகிச்சை. இரண்டாவதைச் சொல்லும் ஒருவரைக் கண்டுபிடிக்க எனக்கு வருஷங்கள் ஆயின.

அதுவரை பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் தூக்கம் துண்டு துண்டாகப் போயிற்று. பள்ளிக்கூட நாட்களில் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். குறைவாகக் குடித்தால் நீர் அடர்த்தியாகும், அடர்ந்த நீர் இன்னும் எரிக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. நான்கு பீரியட் தொடர்ந்து நின்று பாடம் எடுக்கிறவளுக்கு வேறு வழி தெரியவில்லை. புளி, தக்காளி, எலுமிச்சை, பச்சை மிளகாய் ஒவ்வொன்றாக என் தட்டிலிருந்து போயின. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள் டிகிரி காபியை விட்டேன். நான் ஒருத்தி மட்டும் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டார் எல்லாருக்கும் வத்தக்குழம்பு இருந்தது, அதுதான் கஷ்டம்.

திருச்சியில் ஒரு யூராலஜிஸ்ட் கடைசியில் பொறுமையாகக் கேட்டார். கல் இல்லை என்று ஸ்கேனில் பார்த்தார். நம் நாட்டில் இதைப் பார்க்காமல் மேலே போகக்கூடாது என்று சிறுநீர்ப் பாதையில் காசநோய் இருக்கிறதா என்றும் சோதித்தார். மயக்க மருந்து கொடுத்து, சிஸ்டோஸ்கோப் என்ற குழாயைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார்: இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். சிறுநீர்ப்பை வலி நோய் என்றும் இப்போது சொல்கிறார்கள். கிருமியோ வேறு காரணமோ கண்டுபிடிக்க முடியாமல், சிறுநீர்ப்பையைச் சார்ந்த வலியும் அழுத்தமும் 6 வாரத்துக்கு மேல் நீடித்தால் இதை நினைக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. இந்தப் பெயரை 1887இலேயே அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்கீன் தன் நூலில் எழுதிவிட்டார். 1915இல் கை ஹன்னர் என்பவர் சிலருடைய சிறுநீர்ப்பைச் சுவரில் தனிவகைப் புண்கள் இருப்பதை விவரித்தார்; அவற்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். எனக்கு ஹன்னர் புண் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் நோய் இருக்கிறது, வலி நிஜம் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். அன்றைக்குத் திருச்சியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அழுதேன். நோய்க்குப் பெயர் கிடைத்ததற்காக அழுகிற கூத்து இந்த மாதிரி நோய்க்காரர்களுக்குத்தான் புரியும்.

என்னைப் போன்றவர்கள் உலகமெங்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விக்கி ராட்னர் என்ற மருத்துவ மாணவிக்கே இந்த நோய் வந்து, மருத்துவர்கள் அதை மனசின் கோளாறாகத் தள்ளிவிட, அவர் 1984இல் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். மருத்துவம் படித்தவருக்கே அந்தக் கதி என்றால் பாபநாசத்து டீச்சருக்கு என்ன?

ராத்திரியில் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு என்று சிகிச்சை தொடங்கியது. பாதி வலி குறைந்தது. மீதி நின்றுகொண்டது. இதற்கிடையில் நான் போன ஒரு கிளினிக்கில் இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள். நீரை அடக்குவது போல் இறுக்கி, பத்து எண்ணி, விட வேண்டும். ஆர்னால்ட் கீகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் 1948இல் எழுதிப் பிரபலமாக்கிய பயிற்சி அது. பிரசவத்துக்குப் பிறகு இருமினால் தும்மினால் நீர் கசியும் பெண்களுக்கு அது அருமையான மருந்து. எந்தப் பெண்கள் பத்திரிகையைப் புரட்டினாலும், எந்த வீடியோவைத் திறந்தாலும் இடுப்புக்குக் கீழே எந்தத் தொந்தரவு என்றாலும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் செய்யச் செய்ய வலி ஏறியது. ஸ்கூட்டி சீட்டில் உட்கார முடியாமல் போயிற்று.

திருச்சி டாக்டர்தான் அதை உடனே நிறுத்தச் சொல்லி, சென்னையில் இந்தத் துறையில் பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். உழவன் எக்ஸ்பிரஸில் போனோம். எனக்கு ரயில்தான் பிடிக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ரிப்போர்ட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டாள். “மேடம், வெளியிடத்துல டாய்லெட் போனா உக்காந்து போவீங்களா, இல்ல சீட்ல படாம பாதி நின்னுக்கிட்டே போவீங்களா?”

இதை அதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில், பஸ் ஸ்டாண்டில், ரயிலில், எங்கேயும் நான் எதன் மீதும் பட்டதில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்து, தொடையை இறுக்கி, பாதி நின்று, அவசர அவசரமாக முடித்து வெளியே வருவேன். அப்படி நிற்கும்போது இடுப்புத்தளத் தசை தளரவே தளராது, இறுகின தசை வழியாகத்தான் நீரைத் தள்ளியிருக்கிறீர்கள் என்றாள். பிறகு என் வலது கையை இறுக மூடச் சொல்லிவிட்டு வேறு விஷயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை பிரசவம், பள்ளியில் எத்தனை மணி நேரம் நிற்பது, மாதவிடாய் எப்படி. பேச்சு நீள நீள விரல்கள் வலித்தன, முன்கை நடுங்கியது. “கையில நோய் எதுவும் இல்ல. ஆனா வலிக்குது, இல்லையா? உங்க இடுப்புக்குள்ள வருஷக்கணக்கா இதான் நடக்குது. மூடின கையை இன்னும் மூடுன்னு சொன்னா என்ன ஆகும்?” என்றாள்.

கரும்பலகையில் எத்தனையோ முறை கழிவுநீக்க மண்டலத்தை வரைந்தவள் நான். இரண்டு சிறுநீரகம், இரண்டு நாளம், ஒரு பை, அதன் கீழே ஒரு குழாய். அதோடு சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். அந்தப் பை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எந்த மாணவியும் கேட்டதில்லை. முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை விரிந்து கிடக்கும் தசைகள்தாம் அதற்குத் தளம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் அவைதான் தாங்குகின்றன. நீரும் மலமும் எப்போது போகலாம் என்று காவல் காப்பவையும் அவையே. சிறுநீர்ப்பைக்கும் இந்தத் தளத்துக்கும் போகிற நரம்புகள் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. அதனால் ஒன்று புண்பட்டால் மற்றது இறுகும். இறுகினால் முதலாவது இன்னும் கத்தும். எது முதலில் தொடங்கியது என்று தேடுவதில் பயனில்லை.

என் சம்மதத்தைக் கேட்டு, உதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தி, கையுறை போட்டு உள்ளே தசைகளைச் சோதித்தாள். வலி தாங்கக்கூடியதாகவே இருந்தது, ஓர் இடம் தவிர. இடுப்பெலும்பின் உட்பக்கம், தொடையைத் திருப்பும் தசை ஒன்று இருக்கிறது. அதை மெல்ல அழுத்தினாள். உடனே எனக்கு ஒண்ணுக்கு வந்தது. வருஷக்கணக்காக நான் சிறுநீர்ப்பையின் வலி என்று நினைத்துக்கொண்டிருந்த அதே வலி, அதே எரிச்சல், அப்படியே. சோதனைக்கு முன்புதான் பாத்ரூம் போய் வந்திருந்தேன். விரலை எடுத்ததும் உந்துதல் அடங்கியது. வலியின் ஒரு பங்காவது எங்கேயிருந்து வருகிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இது ஒரு பிசியோதெரபிஸ்டின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அமெரிக்க யூராலஜி சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, இடுப்புத்தளத்தில் அழுத்தினால் வலிக்கிற நோயாளிகளுக்குத் தசையைத் தளர்த்தும் கைச் சிகிச்சை தரவேண்டும், இறுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. 2012இல் வெளியான ஆய்வொன்றில் இந்த நோயுள்ள 81 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இடுப்புத்தளத் தசை முடிச்சுகளைத் தளர்த்தும் சிகிச்சை. மற்றதற்கு உடம்பு முழுவதற்கும் பொதுவான மசாஜ். முதல் குழுவில் 59 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், இரண்டாவதில் 26 சதவீதம் பேருக்கு. எல்லாருக்கும் சரியாகிவிடவில்லை என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

சென்னைக்கு அடிக்கடி போக முடியாது. எனவே வீட்டில் செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்தாள். முதல் பயிற்சியைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மூச்சு விடு என்று எழுதியிருந்தது. மல்லாந்து படுத்து, முழங்காலுக்கடியில் இரண்டு தலையணை. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். நெஞ்சு சும்மா இருக்க வேண்டும். உதரவிதானம் கீழே இறங்கும்போது அதோடு சேர்ந்து இடுப்புத்தளமும் இறங்கி விரிகிறது, மூச்சு வெளியேறும்போது இரண்டும் தானாக மேலே வருகின்றன. நாம் செய்ய வேண்டியது, இறங்கும்போது தடுக்காமல் இருப்பது; வெளிவிடும்போது வயிற்றை எக்காமல் இருப்பது. உதரவிதானத்தைப் பற்றி வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். என் உதரவிதானம் இறங்குவதே இல்லை என்று அப்போதுதான் கண்டேன். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தே நிற்கப் பழகியிருந்தேன். சின்ன வயதிலிருந்து, “நிமிர்ந்து நில், வயித்தைத் தள்ளாதே” என்று வளர்த்த உடம்பு.

பிறகு ஆசனங்கள். குப்புற மண்டியிட்டு, முழங்கால்களை அகல விரித்து, நெஞ்சுக்கடியில் தலையணை வைத்துக் கவிழ்ந்து கிடக்கும் பாலாசனம். மல்லாந்து, பாதங்களைச் சேர்த்து, தொடைகளுக்கடியில் தலையணை கொடுத்து விரித்து வைக்கும் சுப்த பத்த கோணாசனம். கால்களைச் சுவரில் சாய்த்து ஏற்றி வைப்பது. மாடுபோல் கைகால் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துவது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருவது. இதில் இடுப்புத்தளம் நன்றாக விரியும் என்பதால் மெதுவாகத்தான் செய்ய வேண்டும், முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் விட்டுவிடலாம். எதிலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று இழுக்கக்கூடாது. வலி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்று, அங்கே மூச்சை விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். குதிப்பது, ஓடுவது, வயிற்றுத் தசையை முறுக்கும் பயிற்சிகள், சைக்கிள் சீட் எல்லாவற்றுக்கும் தடை. சமதரையில் நடக்கலாம். முடிந்ததும் அடிவயிற்றில் கொஞ்ச நேரம் ஹாட் வாட்டர் பேக்.

நான் சுவரில் காலை ஏற்றிப் படுத்திருந்ததை அத்தை ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டார். “என்னம்மா இது, வெளக்கேத்துற நேரத்துல தலைகீழா கெடக்குற?” என்றார். எதற்கென்று சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கு இது முப்பது வயசுலேருந்து இருக்கு” என்றார். “அப்பல்லாம் ஊர்ல எந்த வீட்டுல கக்கூஸு? பொம்பளைங்க விடியறதுக்கு முந்தி வாய்க்கா கரைக்குக் கூட்டமா போயிட்டு வருவோம். அதுக்கப்புறம் பொழுது சாஞ்சாத்தான். நடுவுல நடவு, களையெடுப்பு, மாமனார் மாமியார். வந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு அடக்கிக்க வேண்டியதுதான். தண்ணியே குடிக்க மாட்டோம். கடுக்கும். அது பொம்பளைங்களுக்கு உள்ளதுன்னு விட்டாச்சு.”

சூடு பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்று அவர் என்னிடம் சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. தன்னிடம் யாரும் கேட்காததை அவரும் கேட்காமலே விட்டிருக்கிறார். அவருக்கு இருந்தது என் நோய்தானா, வெறும் கிருமித் தொற்றா, இரண்டுமா என்று இனிச் சொல்ல முடியாது. அடக்கு என்று உடம்புக்கு வாழ்நாள் முழுவதும் உத்தரவு போட்டவர் அவர், வீட்டில் கழிப்பறை இருந்தும் அதே உத்தரவைப் போட்டவள் நான். அன்றிலிருந்து அந்த நேரத்தில் அறைக்குள் யாரும் வராமல் அவரே பார்த்துக்கொண்டார். சில நாள் பக்கத்தில் பாய் போட்டு வயிற்றில் கை வைத்துப் படுத்துக்கொள்வார். தூங்கியும் விடுவார்.

தியானத்துக்குத் தனியாக ஒரு குரு கிடைத்தார். சென்னையில் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தில் கற்றுவிட்டு, ஓய்வுக்காலத்தில் கும்பகோணம் வந்து குடியிருந்த ஓர் அம்மா. ஆசனத்துக்கு ஆளை வளைக்கக்கூடாது, ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பது அந்த மரபின் பாடம். பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, “இதுல மாத்த ஒண்ணுமில்ல. நீங்க இதைச் செய்யறப்போ மனசு எங்க இருக்கு, அதை மட்டும் பாக்கலாம்” என்றார்.

படுத்த நிலையில், உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். முங்கேரில் சுவாமி சத்தியானந்த சரஸ்வதி யோக நித்திரை என்ற பெயரில் வகுத்துக் கொடுத்தது அது. நம் பூஜை முறையில் மந்திரம் சொல்லி அங்கங்களைத் தொடும் நியாசத்திலிருந்து எடுத்ததாக சத்தியானந்தரே சொல்லியிருக்கிறார். வலது கைக் கட்டைவிரலில் தொடங்கி, விரல் விரலாக, கை, தோள், விலா என்று கவனம் போகும். இதற்கு நெருங்கிய இன்னொரு பயிற்சியை, பௌத்தத் தியானமும் யோகமும் கற்ற ஜான் கபட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலிக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். வேறு வேறு திண்ணையிலிருந்து வந்து ஒரே வாசலில் நிற்கும் பயிற்சிகள்.

முதலில் எனக்குத் தாளவில்லை. கவனம் அடிவயிற்றை நெருங்கினாலே எழுந்து ஓட வேண்டும்போல் இருக்கும். “அங்க போகாதீங்க. பாதத்துல நில்லுங்க. பாதம் வலிக்கலையே?” என்றார் அந்த அம்மா. வலிக்கவில்லைதான். வலிக்காத பாதம் ஒன்று எனக்கு இருப்பதே மறந்துபோயிருந்தது. பல வாரம் பாதத்திலும் உள்ளங்கையிலுமே சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் தாடையில் கவனத்தை வைத்தபோது, பற்களை இறுகக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தாடையை விட்டேன், கூடவே கீழே ஏதோ இறங்கியது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் பலர் இதைக் கவனித்திருக்கிறார்கள்: மேலே தாடையை இறுக்குகிறவர்கள் கீழே இடுப்பையும் இறுக்குகிறார்கள். அதற்குப் பிறகு வகுப்பில், வரிசையில், பஸ்ஸில் என்னையே பார்க்கத் தொடங்கினேன். தலைமையாசிரியரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் என் பிட்டத் தசை இறுகும். போன் மணி அடித்தால் இறுகும். வலி வருமோ என்ற நினைப்புக்கே இறுகும். கண்ணில் பட்டால் விட்டுவிடலாம். கண்ணில் படாதவரை எப்படி விடுவது?

மெல்ல மெல்ல வலி இருக்கும் இடத்துக்கும் போக முடிந்தது. ஒரே கட்டியாக நினைத்திருந்த வலியில் சூடு தனியாக, அழுத்தம் தனியாக, துடிப்பு தனியாக இருந்தன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அவற்றோடு, ‘மூன்றாவது பீரியட் எப்படித் தாங்கப் போகிறேன்’, ‘தஞ்சாவூர்க் கல்யாணத்துக்கு எப்படிப் போவது’ என்ற பயமும் சேர்ந்தே இருந்தது. பயம் அடங்கியபோது வலி போகவில்லை, அளவு குறைந்தது. நாள்பட்ட வலியில் தண்டுவடமும் மூளையும் சாதாரணச் செய்தியைக்கூடப் பெரிதாக்கிக் கேட்கப் பழகிவிடுகின்றன. மெதுவான மூச்சும் தளர்ந்த தசையும் பயமற்ற கவனமும் தொடர்ந்து கிடைத்தால் அந்தப் பழக்கம் கொஞ்சம் மாறும். நியூ மெக்சிகோவில் இந்த நோயுள்ள சில பெண்களிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு கபட்-ஜின் முறையிலான தியானமும் பயின்றவர்களில் அதிகம் பேர் தேறினார்கள். சிறிய ஆய்வு, அதை வைத்து முரசு கொட்ட முடியாது. என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம்.

கடைசியாகக் கற்றது காத்திருப்பது. உந்துதல் வந்தவுடன் ஓடாமல், தாடையை விட்டு, வயிற்றில் மூச்சு விட்டு, சில நிமிஷம் நின்று, பிறகு நடந்து போவது. இந்த இடைவெளியை வாரக்கணக்கில் சிறிது சிறிதாக நீட்ட வேண்டும். வெளியே பார்த்தால் இதுவும் அடக்குவது போலத்தான் தெரியும். அடக்கும்போது தசை பூட்டிக்கொள்ளும். இதில் தசை திறந்திருக்க, அலாரம் மட்டும் தானாக ஓய்கிறது. வலி அதிகமாக இருக்கும் நாளில் இதைச் செய்யக்கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

நான் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்த பிறகு எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். அவருக்கும் அடிவயிற்றிலும் விதைக்குப் பின்னாலும் வலி. ப்ராஸ்டேட் என்று சொல்லி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். கிருமி மட்டும் கிடைக்கவில்லை. ஆண்களுக்கும் இது உண்டு. ஸ்டான்ஃபோர்டில் யூராலஜிஸ்ட் ரோட்னி ஆண்டர்சனும், அந்த வலியைத் தானே அனுபவித்த உளவியலாளர் டேவிட் வைஸும் சேர்ந்து தசைத் தளர்ச்சியையும் மன அமைதியையும் இணைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கி, 2003இல் புத்தகமாகவும் எழுதினார்கள். அந்த ஆசிரியரைத் திருச்சி டாக்டரிடம் அனுப்பினேன். பெண்களாவது கூடிப் பேசுகிறோம், ஆண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை.

எனக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இல்லை, ஆனால் நான் வாழ்கிறேன். மாதவிடாய்க்கு முன்னாலும், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் நாட்களிலும், நீண்ட பயணத்துக்குப் பிறகும் வலி திரும்ப வரும். மாத்திரையை டாக்டர் குறைத்தார், நிறுத்தவில்லை. புளி கொஞ்சம் திரும்பிவிட்டது, காபி திரும்பவில்லை. இரவில் ஒரு முறை எழுந்தால் போதும். கழிப்பறையில், எங்கே போனாலும் துடைத்துவிட்டு முழுதாக உட்காருகிறேன். காலையில் மூச்சும் ஆசனமும், ராத்திரி யோக நித்திரை. உடம்பு நன்றாக இருக்கிற நாளிலும் விடுவதில்லை. நன்றாக இருக்கிற நாளில் விட்டவர்கள்தான் மறுபடி படுக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், திடீர் எடைக்குறைவு இருந்தால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். கல்ச்சரில் கிருமி வளராமலே திரும்பத் திரும்ப ஆன்டிபயாட்டிக் எழுதினால், ஏன் என்று கேளுங்கள். தியானம் செய்யச் சொன்னால் செய்யுங்கள், ஆனால் உங்கள் வலி கற்பனை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். இடுப்புத்தளத்தை இறுக்கச் சொன்னால், அது ஏற்கெனவே இறுகியிருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று: வகுப்பு நடுவில் ஒரு பெண் எழுந்து நின்று வெளியே போகட்டுமா என்று கேட்டால், மணி அடிக்கட்டும் என்று சொல்லாதீர்கள். போகச் சொல்லுங்கள். போகிற இடம் அவள் உட்காரக்கூடியதாக இருக்கிறதா என்று ஒரு முறை நீங்களே போய்ப் பாருங்கள்.